வடிநீர் சொல்லும் சேதி

1953-இல் கொல்கத்தா நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சம்புநாத் தே, முயலின் சிறுகுடலில் நாலு அங்குலத் துண்டு ஒன்றை இரு முனையிலும் நூலால் கட்டி, அதன் உள்ளே காலராக் கிருமியை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தபோது அந்தத் துண்டு அரிசி கழுவிய நீர் போன்ற திரவத்தால் உப்பிப் போயிருந்தது. காலரா நோயாளியின் பேதியும் அதே நிறம், அதே தன்மை. இதே நகரத்தில் 1884-இல் ராபர்ட் கோக் காலராக் கிருமியை உறுதி செய்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இடைக்காலத்தில் ஆய்வாளர்கள் கிருமியை விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தார்கள். விலங்கு செத்தது, காலரா மட்டும் வரவில்லை. தே கேட்ட கேள்வி வேறு. எந்தச் சவ்வு, அதன் எந்தப் பக்கம், அதைக் கடந்து வந்து தேங்குவது என்ன? 1959-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரை, கிருமியை வடிகட்டி நீக்கிய நீர் மட்டுமே குடலைத் திரவத்தால் நிரப்பப் போதும் என்று காட்டியது. காலரா ஒரு நச்சுப் பொருளின் வேலை என்பது அப்படித்தான் நிலைநாட்டப்பட்டது. ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். இந்தியாவின் அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை என்பது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

அதே 1953-இல், அதே நகரத்தில், ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை வாய்வழியே கொடுத்த அனுபவத்தை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். 1971-இல் வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்த போன்கான் முகாமில் திலீப் மஹாலனாபிஸ் அதே மாதிரி உப்பு-குளுக்கோஸ் கரைசலை டிரம் டிரம்மாகக் கலக்கிக் கொடுக்க, 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடற்சுவர் குளுக்கோஸை உள்ளே இழுக்கும்போது சோடியமும் கூடவே வருகிறது, பின்னால் நீரும் வருகிறது. உடலுக்குள் நீரைக் கொண்டுவரும் வாகனம் குளுக்கோஸ்.

இந்த அத்தியாயத்தின் நாயகனும் அதே குளுக்கோஸ்தான். ஆனால் இங்கே அதன் வேலை நேர் எதிர்: உடலில் மிஞ்சிய நீரை வெளியே இழுப்பது. அந்த வேலை நடக்கும் இடம் குடலின் உட்புறம் இல்லை, குடலை வெளியிலிருந்து போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற வயிற்றுச் சவ்வு.

பெரியவர் ஒருவரின் வயிற்றுச் சவ்வை விரித்துப் போட்டால் 1 முதல் 2 சதுர மீட்டர் வரும். ஏறத்தாழ அவருடைய தோலின் பரப்பளவு. மேலே மீசோதீலியம் என்று ஒரே ஒரு அடுக்குச் செல்கள். அதன் கீழே மெல்லிய இணைப்புத் திசு. அந்தத் திசுவுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள். சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய் வழியே 2 லிட்டர் கரைசலை விட்டு நாலைந்து மணி நேரம் வைத்திருந்தால், ரத்தத்தில் தேங்கிய யூரியாவும் கிரியாட்டினினும் சவ்வைக் கடந்து கரைசலுக்கு வந்துவிடும். கரைசலில் உள்ள குளுக்கோஸ் நீரையும் இழுத்துக்கொண்டு வரும். பிறகு அதை வடித்துவிட்டு அடுத்த பையை விட வேண்டும். மருத்துவமனைகளில் இதைச் சுருக்கமாக ‘சி.ஏ.பி.டி.’ என்பார்கள், நோயாளிகள் ‘வயிற்று டயாலிசிஸ்’ என்பார்கள். 1923-இல் ஜெர்மனியின் கேயோர்க் கான்டர் மனிதரிடம் முதலில் முயன்ற இந்த யோசனை, 1970-களின் நடுவில் அமெரிக்காவின் ஆஸ்டினில் பாபோவிச்சும் மான்கிரீஃபும் வகுத்த முறையாலும், டொரன்டோவில் ஓரியோபூலோஸ் கொண்டுவந்த பிளாஸ்டிக் பைகளாலும் வீட்டிலேயே செய்யக்கூடிய சிகிச்சையானது. இந்தியாவில் 1991-இல் இது தொடங்கியது. சென்னையின் ஜார்ஜி ஆபிரகாம் இதன் முன்னோடிகளுள் ஒருவர்.

வங்காளத்துக்கு இந்தச் சிகிச்சை ஏன் பொருந்தும் என்பதைப் புரிந்துகொள்ள வரைபடம் ஒன்றே போதும். ரத்த டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கும் மேல் சுத்திகரித்த தண்ணீர், இடைவிடாத மின்சாரம், இயந்திரம், ஆள். சுந்தரவனத்தின் ஓரத்தில் கோசாபாவில் இருப்பவர் ஆற்றைக் கடந்து, கேனிங் வந்து, ரயில் பிடித்து சியால்தா இறங்கி, அங்கிருந்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையால் மாற்றும் வயிற்று டயாலிசிஸுக்கு மின்சாரம் தேவையில்லை. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்த பிறகு கொல்கத்தாவிலேயே பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட வாரத்தில் இரும்புக் கொக்கியில் தொங்கும் ஒரு பையும், கழுவிய கையும், மூடிய ஜன்னலும் போதும் என்பது சாதாரண விஷயமில்லை. 2016-இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் முதலில் ரத்த டயாலிசிஸை மட்டுமே கணக்கில் கொண்டது. வயிற்று டயாலிசிஸுக்கான வழிகாட்டுதல்கள் 2019-இல் வந்தன. தாமதம்தான், ஆனாலும் சரியான திசை.

ஆனால் இயந்திரத்தின் வடிகட்டி பழசானால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது மாட்டலாம். வயிற்றுச் சவ்வுக்கு மாற்று கிடையாது. இருக்கிற ஒன்றைத்தான் ஆண்டுக்கணக்கில் ஓட்டியாக வேண்டும்.

✽

சவ்வு எதை எதிர்த்து நிற்கிறது என்று பாருங்கள். பைகளில் மூன்று வீரியம் உண்டு: 1.5, 2.5, 4.25 சதவீதம். வீரியம் மிகுந்த பையில் லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது லிட்டருக்கு 1 கிராம். உடலின் எந்தத் திசுவும் இயற்கையில் சந்திக்காத இந்தச் செறிவு நாளுக்கு மூன்று நான்கு முறை அந்த ஒற்றை அடுக்குச் செல்கள் மீது வந்து நிற்கிறது. வழக்கமான கரைசல்கள் அமிலத்தன்மை கொண்டவை. கிருமி நீக்கச் சூடாக்கும்போது குளுக்கோஸ் சிதைந்து செல்களுக்கு ஆகாத துணைப் பொருள்களும் உண்டாகின்றன. நாளுக்கு 8 லிட்டர் என்று வைத்தால் ஓராண்டில் 2,900 லிட்டருக்கு மேல். இடையில் ஒரு முறையோ இரு முறையோ கிருமித் தொற்றும் வந்துபோகலாம்.

விளைவை கார்டிஃப் ஆய்வாளர்கள் 2002-இல் நுண்ணோக்கியில் அளந்து காட்டினார்கள். மீசோதீலியத்தின் கீழே இருக்கும் இணைப்புத் திசு, நோயற்றவர்களிடம் நடுமதிப்பாக 50 மைக்ரான் தடிப்பு. வயிற்று டயாலிசிஸில் முதல் இரண்டு ஆண்டுகளில் இருந்தவர்களிடம் 180. எட்டு ஆண்டுகளைத் தாண்டியவர்களிடம் 700 மைக்ரானைத் தொட்டது. சிறுநீரகம் பழுதானவர்களிடம் டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே சவ்வு தடித்திருந்தது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அடுத்த ஆண்டு மாட்ரிட் ஆய்வாளர்கள் நோயாளிகளின் வடிநீரில் உதிர்ந்து வந்த மீசோதீலியச் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். புது நோயாளியின் செல்கள் பாவுகல் போல ஒட்டி நின்றன. நாள்பட்டவரின் செல்கள் நீண்டு கூர்ந்து, தழும்பை உண்டாக்கும் செல்களின் உருவத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் தழும்பு. மறுபக்கம் புதுப் புது ரத்தக் குழாய்கள் முளைப்பது. இரண்டும் சேர்ந்தால் ஒரு நாள் பை நீரை இழுக்க மறுத்துவிடும்.

கார்டிஃபில் செய்ததுபோல் சவ்வைக் கிள்ளி எடுத்து ஆண்டுதோறும் பார்க்க யாராலும் முடியாது. வலியும் இல்லை; சவ்வு தடிப்பதை நோயாளி உணர்வதே இல்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி வரும்போது சேதம் வெகுதூரம் போயிருக்கும். ஆகவே கேள்வி இதுதான்: சவ்வைத் தொடாமலே அதன் உடல்நிலையை எப்படி அறிவது? விடை ஒவ்வொரு நாளும் நாலு முறை கழிவறையில் கொட்டப்படுகிறது. இந்த வடிநீரில் எதை அளந்தால் என்ன தெரியும் என்பதே குறிகாட்டிகளைப் பற்றிய ஆய்வு முழுவதும்.

✽

முதல் குறிகாட்டிக்கு ஆய்வகமே வேண்டாம். தராசு போதும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று நோயாளி நோட்டில் எழுதும் கணக்கு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பலரும் கவனிக்காதது: 2 லிட்டர் என்று அச்சிட்ட பையில் சரியாக 2 லிட்டர் இருப்பதில்லை. குழாயைக் கழுவிவிடுவதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பியிருப்பார்கள். கழுவாமல் முழுவதையும் வயிற்றுக்குள் விட்டுவிட்டு, வெளியே வந்ததிலிருந்து 2 லிட்டரைக் கழித்துப் பார்ப்பவர், சவ்வு தினமும் சில நூறு மில்லி நீர் இழுப்பதாகத் தவறாக நம்பிக்கொண்டிருப்பார். பையை உள்ளே விடும் முன்னும் எடை பார்க்க வேண்டும், வடித்த பின்னும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. வடித்த பையை நாளிதழின் மேல் வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் செவிலியர்கள் சொல்லிக்கொடுப்பது வழக்கம். கொல்கத்தா வீடுகளில் அது ‘ஆனந்தபஜார் பத்திரிகா’வாக இருக்கும். எழுத்து மங்கினால் தொற்று. வடிநீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல் வெள்ளையணுக்களும், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்களும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு தொற்றும் சவ்வின் ஆயுளில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது என்பதால் இதுவும் சவ்வின் நலம் பற்றிய சேதிதான்.

மூன்றாவது, 1987-இல் மிசௌரியின் ட்வார்டோவ்ஸ்கி வகுத்த சமநிலைச் சோதனை. மருத்துவமனையில் எல்லோரும் ‘பெட்’ என்றே சொல்கிறார்கள். அதை அருகில் இருந்து பார்ப்பது பயனுள்ளது. முந்தைய இரவு விட்ட கரைசலை முழுவதும் வடித்துவிட்டு, 2.5 சதவீதப் பை ஒன்றைப் பத்து நிமிடத்தில் உள்ளே விடுகிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, 400 மில்லி இறங்கியதும், படுத்திருப்பவர் இடமும் வலமும் புரள வேண்டும். கரைசல் சவ்வின் எல்லா மடிப்புகளிலும் படுவதற்காக. உடனே ஒரு மாதிரி, இரண்டாம் மணி நேரத்தில் ஒன்று, நாலாவதில் ஒன்று. நடுவில் ரத்தமும் எடுப்பார்கள். நாலு மணி நேரம் கழித்து வடிநீரின் கிரியாட்டினினை ரத்தத்தின் கிரியாட்டினினால் வகுத்தால் ஒரு எண் வரும். 0.81-க்கு மேல் என்றால் சவ்வு வேகமாகக் கடத்துகிறது. 0.5-க்குக் கீழ் என்றால் மெதுவாக.

வேகம் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. கிரியாட்டினினை வேகமாக விடும் சவ்வு குளுக்கோஸையும் வேகமாக ரத்தத்துக்குள் விட்டுவிடும். இழுவிசை தீர்ந்துபோய் நீர் வெளியேறுவது நின்றுவிடும். அப்படிப்பட்டவருக்குக் கரைசலை ஆறு மணி நேரம் வைத்திருப்பது வீண். குறுகிய நேரத்துக்கு அடிக்கடி மாற்றுவதும், இரவு முழுதும் இருக்கும் பைக்குக் குளுக்கோஸுக்குப் பதில் இகோடெக்ஸ்ட்ரின் என்ற பெரிய மாவுச்சத்து மூலக்கூறைப் பயன்படுத்துவதும் உதவும்.

ஆய்வகத்தில் இந்தச் சோதனை சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கிரியாட்டினினை அளக்கப் பரவலாகப் பயன்படும் யாஃபே முறையில் பிக்ரேட் என்ற பொருள் கிரியாட்டினினோடு சேர்ந்து செம்மஞ்சள் நிறமாகிறது. வடிநீரில் குவிந்து கிடக்கும் குளுக்கோஸும் அதே பிக்ரேட்டோடு வினைபுரிகிறது. அதனால் கிரியாட்டினின் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். ஒவ்வொரு ஆய்வகமும் தன் கருவிக்கான திருத்த எண்ணைத் தானே கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும், அல்லது நொதி முறைக்கு மாற வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் பழகிய ஆய்வகத்துக்கு வடிநீரை அனுப்பினால் இந்தத் திருத்தம் விட்டுப்போகும். ஒரு நோயாளியின் சவ்வு ஒரே இரவில் ‘வேகமானது’ ஆகிவிடும். மருந்துச் சீட்டும் மாறிவிடும்.

✽

என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான குறிகாட்டி சோடியம். விலை குறைவு, எந்த மருத்துவமனையிலும் அளக்கலாம், சொல்வதோ மூலக்கூறு அளவில்.

சவ்வின் ரத்தக் குழாய்ச் சுவரில் மூன்று வகைத் துளைகள் இருப்பதாக ஸ்வீடனின் பெங்ட் ரிப்பே கணக்கிட்டார். புரதம் கசியும் சில பெரிய துளைகள். நீரும் உப்பும் யூரியாவும் கடக்கும் எண்ணற்ற சிறு துளைகள். அப்புறம், நீர் மட்டுமே போகக்கூடிய மிக நுண்ணிய துளைகள். இந்த மூன்றாவதைக் காகிதத்தில்தான் முதலில் ஊகித்தார்கள். பிறகு அது அக்வாபோரின்-1 என்ற புரதமாகவே இருப்பது தெரிந்தது. அக்வாபோரினைக் கண்டறிந்த பீட்டர் ஏகர் 2003-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் புரதம் இல்லாமல் வளர்த்த எலிகளில் பெல்ஜியத்தின் ஒலிவியே டெவ்யுய்ஸ்ட் குழு சோதித்தபோது நீர் மட்டும் தனியே கடக்கும் அந்த வழி அடைபட்டிருந்தது.

நீர் மட்டும் வந்து சேர்ந்தால் வயிற்றிலுள்ள கரைசல் நீர்த்துப்போகும். ஆகவே வீரியம் மிகுந்த 4.25 சதவீதப் பையை விட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் கரைசலின் சோடியம் குறைய வேண்டும். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 132 மில்லிமோல் சோடியம் கொண்ட 2 லிட்டர் உள்ளே போகிறது: மொத்தம் 264. ஒரு மணி நேரம் கழித்து 2.4 லிட்டர் வெளியே வருகிறது, அதன் சோடியம் 125 என்று வைத்துக்கொள்வோம்: மொத்தம் 300. ஆக உடலிலிருந்து வந்த சோடியம் 36 மில்லிமோல். ரத்தத்தின் சோடியம் 138 என்றால், இந்த 36-ஐச் சுமந்து வந்த நீர் 36-ஐ 138-ஆல் வகுத்தால் கிடைக்கும் 260 மில்லி. அது சிறு துளைகள் வழியே வந்தது. மொத்தம் கூடுதலாக வந்ததோ 400. மீதி 140 மில்லி உப்பில்லாமல் தனியே வந்த நீர், அக்வாபோரின் வழியே. தராசும் ஒரு சோடியம் பரிசோதனையும் ஒரு பேனாவும் இருந்தால் ஒரு புரதத்தின் வேலையை அளந்துவிடலாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் சோடியம் 5 மில்லிமோல்கூட இறங்கவில்லை என்றால் எச்சரிக்கை. புதுத் தழும்பு திசுவுக்குள் குளுக்கோஸின் இழுவிசை ரத்தக் குழாயை எட்டவில்லை என்று பொருள். சவ்வு குடலையே இறுக்கிக் கூடு கட்டிவிடும் கொடிய சிக்கல் ஒன்று உண்டு, அரிதானது, பல ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் வரும். அதில் முடிந்த நோயாளிகளைத் திரும்பிப் பார்த்தபோது, சோடியத்தின் இந்த இறக்கம் மறைந்துபோனது முன்னறிகுறியாக இருந்தது. அவர்களின் திசுவில் அக்வாபோரின் குறைந்திருக்கவில்லை. கொலாஜன் நார்தான் கெட்டித்திருந்தது. சர்வதேச வயிற்று டயாலிசிஸ் சங்கம் 2021-இல் திருத்திய பரிந்துரைகளில் 4.25 சதவீதப் பையோடு நாலு மணி நேரத்தில் 400 மில்லிக்குக் குறைவாக நீர் வந்தால் சவ்வு நீரிழுக்கும் திறனை இழந்துவிட்டது என்றும், முதல் மணி நேரச் சோடியத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இந்தியாவில் பலருக்கு இன்றும் 2.5 சதவீதப் பையோடு பழைய சோதனை மட்டுமே நடக்கிறது. பையை மாற்றி ஒரு கூடுதல் மாதிரி எடுத்தால் போதும் என்கிறபோது இது மனத்தாங்கலைத் தருகிறது.

✽

இனி மூலக்கூறுகள். சிஏ-125 என்றதும் வீடுகளில் கிலி பிடிக்கும். கருப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் சினைப்பையின் புற்றுநோய்க்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை அது. ஆனால் மீசோதீலியச் செல்களும் அதே புரதத்தைச் சுரக்கின்றன. 1990-களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள், நாலு மணி நேர வடிநீரில் இதன் அளவு உயிரோடிருக்கும் மீசோதீலியச் செல்களின் திரளைக் காட்டுகிறது என்று சொன்னார்கள். இங்கே அதிகம் இருந்தால் நல்லது, ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தால் செல் அடுக்கு அழிந்துவருகிறது. அமிலத்தன்மை குறைந்த புதுவகைக் கரைசலுக்கு மாற்றினால் அளவு ஏறுவதும் தெரிந்தது. ஒரு பொறி உண்டு: தொற்றின்போது செத்து உதிரும் செல்கள் தம்மிடமிருந்த புரதத்தையெல்லாம் கொட்டிவிடும். அழிவே செழிப்பாகத் தெரியும். இந்தியாவில் இன்னொன்றும் சேர்கிறது. வயிற்றுக் காசநோயில் சிஏ-125 நன்றாகவே உயரும். மேலும் குடலைச் சுற்றிக் கூடு கட்டும் அந்தச் சிக்கல் நம் நாட்டில் டயாலிசிஸே செய்யாதவர்களுக்கும் காசநோயால் வருகிறது. ஆகவே கொல்கத்தாவில் இந்த எண் ஏறினால் ஆம்ஸ்டர்டாமின் விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வடிநீரில் லிம்ஃபோசைட் மிகுதியா, அடினோசின் டீஅமினேஸ் கூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சவ்வு நலம் என்று மூச்சுவிடலாம்.

இன்டர்லூகின்-6 அழற்சியின் தூது. பிரிட்டன், கொரியா, கனடா நாடுகளில் 959 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ‘குளோபல் ஃப்ளூயிட்’ ஆய்வு 2013-இல் ஒரு முக்கியமான பிரிவினையைச் செய்தது. வடிநீரில் இதன் அளவு சவ்வின் கடத்தும் வேகத்தோடு பிணைந்திருந்தது. நோயாளி எத்தனை காலம் உயிர் வாழ்வார் என்பதோடு பிணைந்திருந்ததோ ரத்தத்தில் இருந்த அளவு. அதாவது வயிற்றின் அழற்சியும் உடலின் அழற்சியும் வெவ்வேறு கதைகள். வடிநீரைப் பார்த்துச் சவ்வைப் பற்றிப் பேசலாம், ஆளின் ஆயுளைப் பற்றிப் பேசக் கூடாது.

இவற்றுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை நிற்கிறது: புது ரத்தக் குழாய்களை முளைக்கவைக்கும் விஇஜிஎஃப், தழும்பை வளர்க்கும் டிஜிஎஃப்-பீட்டா, திசுவை அரிக்கும் எம்எம்பி-2, ரத்தக் கட்டு கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1, ஹயலுரோனான், அண்மைக்காலத்தில் வடிநீரில் மிதக்கும் நுண்குமிழிகளும் அவற்றுக்குள்ளிருக்கும் மைக்ரோஆர்என்ஏக்களும். ஒவ்வொன்றிலும் கட்டுரைகள் உண்டு. ஆனால் இன்றைய தேதியில் இவற்றில் எதுவும் ஒரு மருத்துவர் காலை வார்டு சுற்றில் கேட்டு வாங்கும் பரிசோதனையாகவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது. எந்த எண்ணில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்பதில் ஒருமித்த எல்லை இல்லை. அதைவிட முக்கியமாக, எண் தெரிந்த பின் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்ததுதான்: வீரியப் பையைக் குறை, உப்பைக் குறை, மிச்சமிருக்கும் சிறுநீரைக் காப்பாற்று, தொற்றைத் தடு. ஒரு குறிகாட்டியின் மதிப்பை அது எத்தனை துல்லியம் என்பதைவிட, அது யாருடைய சிகிச்சையை மாற்றியது என்பதை வைத்தே எடைபோட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பிறப்பிலேயே எழுதப்பட்ட ஒன்றும் உண்டு. 2021-இல் வெளியான ஆய்வில் அக்வாபோரின்-1 மரபணுவை முடுக்கும் பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களின் சவ்வு தொடக்கத்திலிருந்தே குறைவாக நீர் இழுக்கிறது என்று தெரிந்தது. பத்துப் பேரில் ஒருவருக்காவது இது இருக்கிறது. ‘தண்ணீர் அதிகம் குடிக்கிறீர்கள்’ என்று திட்டு வாங்கும் நோயாளிகளில் சிலர் குற்றமற்றவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவர்களுக்கு இகோடெக்ஸ்ட்ரின் நன்றாகவே வேலை செய்கிறது; அது அக்வாபோரினை நம்பியிருப்பதில்லை.

✽

கொல்கத்தாவில் இதை எங்கிருந்து தொடங்குவது? எஸ்.எஸ்.கே.எம். போன்ற அரசு மருத்துவமனையின் சிறுநீரகத் துறைக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஜாதவ்பூரில் இந்திய வேதி உயிரியல் நிறுவனமும், பெலியாகாட்டாவில் காலரா ஆய்வுக்காகவே பிறந்த தேசிய நிறுவனமும் இருக்கின்றன. இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்களை அளப்பது அவர்களுக்குப் புதிதில்லை. தே முயலின் குடலில் தேங்கிய நீரைப் பார்த்த நகரத்துக்கு வடிநீரைப் படிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. இங்குள்ள நோயாளியின் நிலைமைகள் ஐரோப்பியத் தரவுகளில் இல்லாதவை. செலவைக் குறைக்க நாளுக்கு மூன்று பைகளோடு நிறுத்திக்கொள்பவர்கள் இங்கே அதிகம். அந்தக் குறைந்த பைகளில் போதுமான நீர் எடுக்க வீரியப் பையின் பக்கம் கை போகிறது. நாளுக்கு 5 முதல் 10 கிராம் புரதம் வடிநீரோடு போகிறது. அதை ஈடுகட்ட வேண்டிய மீனும் முட்டையும் மாதக் கடைசியில் தட்டிலிருந்து மறைகின்றன. முரியோடு வரும் சானாசூரும் மாலை நேரத் தேலேபாஜாவும் உப்பை ஏற்றுகின்றன. உப்பு தாகத்தை, தாகம் நீரை, நீர் வீரியப் பையை, வீரியப் பை சவ்வின் தழும்பை. இந்தச் சங்கிலி எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை இந்த ஊர் வடிநீரிலிருந்து மட்டுமே அறிய முடியும்.

அதற்கு முதலில் தேவைப்படுவது ஆரம்ப மதிப்பு. சிஏ-125 ஆகட்டும், சோடியம் இறக்கம் ஆகட்டும், ஒரே ஒரு எண் பெரிதாக எதையும் சொல்வதில்லை. அதே ஆளின் பழைய எண்ணோடு ஒப்பிடும்போதுதான் பேசத் தொடங்கும். டயாலிசிஸ் தொடங்கி நாலு முதல் எட்டு வாரத்துக்குள் 4.25 சதவீதப் பையோடு சமநிலைச் சோதனை, முதல் மணி நேரச் சோடியத்தையும் சேர்த்து. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது நோட்டில் நீர் குறைந்து தெரியும்போது. தொற்று வந்திருந்தால் குணமாகி ஒரு மாதமாவது பொறுத்த பிறகு, இல்லாவிட்டால் அழற்சியைத்தான் அளப்போம். அதே நாலாம் மணி நேர மாதிரியிலிருந்து 10 மில்லியைத் தனியே எடுத்து, செல்களைச் சுழற்றி நீக்கி, நோயாளியின் ஒப்புதலோடு மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட்டால் சிஏ-125-ஐயும் இன்டர்லூகின்-6-ஐயும் இன்னும் பெயரிடப்படாத குறிகாட்டிகளையும் பின்னால் அளந்துகொள்ளலாம். நோயாளிக்கு இதனால் கூடுதலாக ஒரு ஊசிகூட இல்லை.